மஞ்சள் குல்லா

மழை பிடித்துக்கொண்ட நாளெல்லாம் பவளம் அந்த ஒரு பேச்சைப் பேசாமல் இருக்கமாட்டாள். யாரிடமும் சொல்வதில்லை. கொதிக்கும் உலையைப் பார்த்தபடியோ, கொடியில் மூன்று நாளாகியும் காயாத பாவாடையைத் தடவிப் பார்த்தபடியோ, தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

"குல்லா போட்டிருக்கான். குளிராது."

மலேசியாவின் கேமரன் மலையில் மழை இல்லாத நாளைத்தான் எண்ணவேண்டும். அதனால் வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது அவள் புருஷன் சிவசாமியின் காதில் அது விழும். விழுந்ததும் எழுந்து வெளியே போய்விடுவான். விறகு நனைகிறதா என்று பார்ப்பான். கோழிக்கூண்டின் தகரத்தை இழுத்துவிடுவான். "மழையில எங்க போறீங்க? தலையில ஒரு சாக்கையாவது போட்டுக்கங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் கரிசனம்தான் அவனை அதிகம் சுடும்.

குல்லா போட்டிருக்கிறவன் அவர்களுடைய முதல் பிள்ளை. எழுபத்து நாலாம் வருஷம் நவம்பர் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தவன். தேயிலைச் சரிவுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து இடுகாட்டில், சின்னப் பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த ஓரத்தில் அவனைப் புதைத்திருந்தார்கள். தான் பின்னிய மஞ்சள் குல்லாவைத் தலையில் போட்டுக்கொண்டு மகன் மண்ணுக்குள் கதகதப்பாகப் படுத்திருக்கிறான் என்று பவளம் நம்பினாள்.

அந்தக் குல்லா தேயிலை ஃபேக்டரியில், உலர்த்தும் மிஷினுக்குப் பின்னால் இருந்த மரத்தட்டில், ஒரு பழைய பால்மாவு டின்னுக்குள் இருந்தது. அதை அங்கே வைத்தவன் சிவசாமி. ஒன்பது வருஷமாக வைத்திருந்தான்.

பவளத்துக்குப் பின்னல் கற்றுக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு அற்புதம்மாள். வயிற்றில் பிள்ளைக்கு ஆறாம் மாதம் பிறந்ததும் பவளம் வெள்ளைக் கம்பளி நூல் வேண்டும் என்று கேட்டாள். சிவசாமி ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கினான். எங்கும் வெள்ளை இல்லை. கடைசியில் கடுகுப்பூப் போலப் பளீரென்ற மஞ்சளில் ஓர் உருண்டை வாங்கிக்கொண்டு வந்தான்.

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது புள்ளைக்குக் குல்லாவா, கோயிலுக்குக் கொடியா?" என்றாள்.

"தூரத்துலேருந்தே தெரியும்லா. தேயிலைக்குள்ள தவழ்ந்து போனாலும் புடிச்சிரலாம்."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் நூல் உருண்டை மடியிலிருந்து விழுந்து அடுப்படி வரைக்கும் ஓடியது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்த காலம் அது.

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் ஒருநாள் காலையில், பிள்ளை நேற்றிலிருந்து அசையவில்லை என்று பவளம் சொன்னாள். "குளிருக்குச் சுருண்டு படுத்திருப்பான், சோம்பேறி" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் ஆள் வந்து கூப்பிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, முந்தின நாளே போய்விட்டது, யார் மேலும் தப்பில்லை என்றார். பவளமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை அவனைக் குற்றம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்த தவறையெல்லாம் அவள் மன்னித்துவிட்டாள்.

சிவசாமியின் அக்கா மணியம்மா கம்போங் ராஜாவிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்ததும் முறைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பெத்தவ மொகத்தப் பாக்கக்கூடாது. பாத்தா அது அவ வயித்தையே சுத்திக்கிட்டுக் கெடக்கும், அடுத்தது தங்காது. தகப்பனும் பாக்கக்கூடாது. துணியத் தொறக்காத. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா. அங்கேருந்து ஒரு நூலுகூட வீட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"ஒரே ஒரு தடவ காட்டுங்க" என்று பவளம் கட்டிலில் கிடந்தபடி கேட்டாள். மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது. மணியம்மா கட்டிலுக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் சிவசாமி நின்றான். கையில் பிள்ளையைச் சுற்றிய வெள்ளைத் துணிச் சுருள். இரண்டடி எடுத்து வைத்திருந்தால் காட்டியிருக்கலாம். அவன் வைக்கவில்லை.

சற்று நேரம் கழித்துத் திரையின் அடியில் பவளத்தின் கை நீண்டது. கையில் மஞ்சள் குல்லா.

"இத மட்டுமாவது போட்டு அனுப்புங்க. மலையில கெடக்கப் போறான்."

மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் ஆஸ்பத்திரி நர்ஸ் அதை வாங்கி, துணியை லேசாக விலக்கி, பிள்ளையின் தலையில் மாட்டிவிட்டு மறுபடி மூடினாள். சிவசாமி அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குழி வெட்டியவன் இராமையா, ஃபேக்டரியில் அவனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன். வெட்டி முடித்த பிறகுதான் பால் சொம்பு லோரியிலேயே இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. "இருலா, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் பாதைக்கு இறங்கினான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சிவசாமி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தான். திறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் துணியைத் திறந்தான். முகத்தைப் பார்த்தான். முடி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றிக் குல்லாவைக் கழற்றினான். அதை மூக்கில் வைத்து முகர்ந்தான். ஆஸ்பத்திரிச் சவுக்காரத்தின் வாடை. அதற்கடியில், அப்போதுதான் வடித்த சோற்றின் ஆவியைப் போல, மெல்லிசாக வேறொரு வாடை.

இராமையாவின் காலடி கேட்டது. சிவசாமி பதறிப்போய்த் துணியை இழுத்து மூடினான். குல்லா கையிலேயே நின்றுவிட்டது. அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

அது ஒரு நொடியில் நடந்துபோனது. அதற்கு அவன் தன்னை மன்னித்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ நொடிகள் இருந்தன. பிள்ளையைக் குழியில் இறக்கினார்கள். இராமையா பால் ஊற்றினான். முதல் பிடி மண்ணைச் சிவசாமியே போட்டான். "கொஞ்சம் நில்லு, குல்லா போடணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், துணியைத் திறந்தது இராமையாவுக்குத் தெரிந்துபோகும். இராமையாவுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஆறு லயத்து வீடுகளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், நாளைக்கு அடுத்த பிள்ளை தங்காவிட்டால் இவன் பார்த்ததால்தான் என்று ஊரே பேசும். இப்படியெல்லாம் அவன் யோசித்துக்கொண்டு நின்றபோது மண் மூடிவிட்டது. மழை வலுத்தது. மகன் வெறுந்தலையோடு கிடந்தான்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த பவளம் கேட்டாள்.

"குல்லா சரியா இருந்துச்சா? பெரிசா போச்சோ?"

"சரியா இருந்துச்சு."

"நீங்க மொகத்தப் பாத்தீங்களா?"

"பாக்கல. பாக்கக்கூடாதுன்னாங்கல்ல."

"ஆமா" என்றாள் அவள். "நல்லவேளை. பாத்திருந்தா உங்களுக்குத் தாங்காது."

வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாத பொருள் என்பதால் குல்லாவை ஃபேக்டரிக்குக் கொண்டுபோனான். உலர்த்தும் மிஷினுக்குப் பின்னால் எப்போதும் சூடு இருக்கும், பூசணம் பிடிக்காது என்று அங்கே ஒரு டின்னில் போட்டு வைத்தான். அப்படியும் தூறலில் நனைந்த கம்பளி பத்து நாளில் ஓரிடத்தில் சாம்பல் பூத்தது. பயந்துபோய், மிஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த சூடான தூளை இரண்டு கை அள்ளி டின்னில் கொட்டி, குல்லாவை அதற்குள் புதைத்து இறுக்கி மூடினான். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கல்யாணப் படம், பிறப்புப் பத்திரம், எதற்கும் ஈரம் ஏறக்கூடாது என்றால் காய்ந்த தூளுக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் மனசு கேட்காமல் டின்னைத் திறந்து குல்லாவை முகர்ந்தான். தேயிலை வாசனை அடித்தது. திருப்பிப்போட்டு உள்பக்கத்தை முகர்ந்தான். அங்கேயும் தேயிலைதான்.

தேயிலைக்காரனுக்கு இது தெரியாதா? கருவாட்டுப் பொட்டலத்தோடும் தலையில் மல்லிகைப் பூவோடும் ஃபேக்டரிக்குள் காலடி வைக்கக்கூடாது என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தினமும் கத்துவார். "தூளு இருக்கே, அது பக்கத்துல எது இருந்தாலும் குடிச்சிரும்டா" என்பார். பதினைந்து வருஷமாக அதைக் கேட்டு, புதிதாக வந்தவர்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தவன் சிவசாமி. அவனே பிள்ளையின் வாசனையைக் கொண்டுபோய்த் தூளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டான். அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் முகர்ந்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை.

"டின்னுல என்னலா, சம்சு ஒளிச்சு வச்சிருக்கியா? எனக்கும் ஒரு மடக்கு ஊத்தேன்" என்று இராமையா ஒருநாள் கேட்டான்.

"பல்வலி மருந்து" என்றான் சிவசாமி.

இரண்டு வருஷத்தில் சீதா பிறந்தாள். முழுசாய், முரட்டுக் குரலோடு பிறந்தாள். "பாத்தியா? நான் சொன்னபடி கேட்டதாலதான் இது தங்குச்சு" என்று மணியம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்க அவனுக்கு வழியே இல்லாமல் போயிற்று. மழை வரும்போதெல்லாம் பவளம் அந்தப் பேச்சைப் பேசுவாள். அவன் கோழிக்கூண்டைப் பார்க்கப் போவான்.

எண்பத்து மூன்றில், அற்புதம்மாளின் மகன் கொர்னேலியஸுக்கும் அவன் மனைவி மேவிஸுக்கும் அதே கதி நேர்ந்தது. பெண் குழந்தை. ஒன்பது மாதமும் நிறைந்து, பிறக்கும்போது மூச்சில்லை. அற்புதம்மாளுக்கு மூட்டுவலியில் நடக்க முடியவில்லை. "நீ போய் அவ பக்கத்துல இரு பவளம், உனக்குத்தான் தெரியும்" என்றாள். பவளமும் சிவசாமியும் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வார்டின் வாசலிலேயே பவளம் நின்றுவிட்டாள்.

மேவிஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் கையில் இருந்தது. முகம் திறந்திருந்தது. கொர்னேலியஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தன் சுண்டுவிரலைக் குழந்தையின் உள்ளங்கைக்குள் வைத்திருந்தான். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்கு யார் ஜாடை என்று. பக்கத்தில் நின்ற மிஸ்ஸி சின்னக் கத்தரிக்கோலால் குழந்தையின் பின்தலையிலிருந்து கொஞ்சம் முடியை வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். கொர்னேலியஸ் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தான்.

பவளம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதைச் சிவசாமி பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவள் போய் மேவிஸின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "குல்லா ஏதும் வச்சிருக்கியா புள்ள?"

"இருக்குக்கா. வெள்ளை."

"போட்டு அனுப்பு. மத்தவங்க ஆயிரம் சொல்லுவாங்க, எதுவும் மனசுல நிக்காது. நான் அந்த ஒண்ணத்தான் செஞ்சேன். அவன் மொகம்கூட எனக்குத் தெரியாது. ஆனா தலையில குல்லா இருக்கு, குளிராதுன்னு நெனச்சா அன்னிக்குத் தூக்கம் வரும். இத்தனை வருசம் அப்படித்தான் தூங்குறேன்."

மேவிஸ் அழுதுகொண்டே குல்லாவை எடுத்துக் குழந்தைக்கு மாட்டினாள். ரிப்பனைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். சிவசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் புதைத்துவிட்டுத் திரும்பும்போது கொர்னேலியஸும் அவனும் தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். கொர்னேலியஸ் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, "அண்ணே, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா? மவனோடது?" என்று கேட்டான்.

"இல்லப்பா. அப்பல்லாம் அப்படி எதுவும் கெடையாது."

"மொகமும் பாக்கல, பொருளும் இல்ல. பாவம், கசியான்ணே நீங்க" என்றான் கொர்னேலியஸ். "மேவிஸு நேத்து ராத்திரி கொஞ்சம் கண்ணு மூடுனா. பவளக்கா குல்லா பத்திச் சொன்னாங்கல்ல, அதையே சொல்லிக்கிட்டே தூங்கிட்டா."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மகளைப் புதைத்தவன் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான். சிவசாமி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வழுக்குது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது. காவல்காரரிடம் ஏதோ சொல்லி உள்ளே போய் டின்னை எடுத்தான். வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. சீதா பக்கத்து வீட்டில் அற்புதம்மாளோடு தாயம் விளையாடிக்கொண்டிருந்தாள். பவளம் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் டின்னைக் கதவோரம் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். ஒரு பிடி பீன்ஸை எடுத்துத் தானும் உரித்தான்.

தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. பவளம் கையை நிறுத்தி மேலே பார்த்தாள்.

"குல்லா போட்டிருக்கான். ரெண்டு புள்ளைங்களும் போட்டிருக்குங்க. குளிராது."

"போடல" என்றான் சிவசாமி.

"என்ன போடல?"

"நம்ம பையன் குல்லா போடல, பவளம்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் எழுந்து டின்னைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். மூடி இறுகியிருந்தது. அவனால் திறக்க முடியவில்லை.  அவள்தான் அரிவாள்மணையின் நுனியால் நெம்பித் திறந்தாள். பீன்ஸைக் கொட்டிவிட்டு முறத்தில் டின்னைக் கவிழ்த்தாள். கறுத்த தூள் குவிந்தது. நடுவில் மஞ்சள் தெரிந்தது.

பவளம் குல்லாவை எடுத்து உதறினாள். தன் இடது கையை முஷ்டியாக மடக்கி அதன் மேல் மாட்டிப் பார்த்தாள். சுற்றித் திருப்பினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பின்னும்போது இந்த எடத்துல ரெண்டு கண்ணு தவறிப்போச்சு. அற்புதம்மாக்கா பிரிச்சுப் போடச் சொன்னாங்க. சோம்பேறித்தனம் பட்டு விட்டுட்டேன்."

பிறகு முகர்ந்தாள். "தேயிலை" என்றாள்.

"நாந்தான் கெடுத்தேன். பூசணம் புடிக்குதேன்னு தூளுக்குள்ள வச்சேன். இருந்த வாசனையும் போயிருச்சு."

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். இராமையா லோரிக்குப் போனது, தான் முகர்ந்து பார்த்தது, சட்டைக்குள் திணித்தது, மண் விழுந்தபோது வாய் திறக்காமல் நின்றது. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் சிதறிய பீன்ஸைப் பார்த்துச் சொன்னான்.

"வெறுந்தலையோடவா?"

"ஆமா."

"மழையில."

"ஆமா."

அவள் குல்லாவை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டாள்.  அவன் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. வேறு ஏதோ ஒன்று அவள் கண்ணில் வந்து நின்றது.

"அப்ப துணியத் தொறந்தீங்க."

அவன் சிதறிய பீன்ஸில் ஒன்றைப் பொறுக்கினான்.

"மொகத்தப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"பாக்கலன்னீங்க. நான் கேட்டேன், பாக்கலன்னீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "குல்லாவ எடுத்தீங்க, சரி. திருட்டுத்தனம், சரி. மொகத்த எப்படிங்க எனக்குத் தராம வச்சுக்கிட்டீங்க? நான் அவன நெனச்சு அழும்போதெல்லாம் குல்லா மட்டுந்தான் கண்ணுக்கு வரும். குல்லாவுக்குக் கீழ ஒண்ணுமே இருக்காது. வெறும் துணி. ஒம்போது வருசம் நான் துணிக்கு அழுதிருக்கேன். நீங்க பக்கத்துலயே படுத்திருந்தீங்க, அவன் மொகத்த உள்ள வச்சுக்கிட்டு."

"பவளம்..."

"வெளிய போங்க."

அவன் போனான். கூரை விளிம்பின் கீழே சுவரோடு ஒட்டி நின்றான். சாரல் முழங்காலை நனைத்தது. தலையில் சாக்கு போட்டுக்கொள்ளச் சொல்லி இன்று உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

குடையோடு போன இராமையா நின்றான். "என்னலா, வீட்டுக்காரி வெரட்டிட்டாளா?"

"ஆமா."

"நல்லா வேணும்" என்று சிரித்துக்கொண்டே போனான் அவன்.

மழை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. எதிர்ச்சரிவில் மேகம் இறங்கித் தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான். போகட்டும், போனால் நியாயம் என்றும் நினைத்தான். சீதாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்தான்.

கதவு திறந்தது.

"உள்ள வாங்க."

உள்ளே பாய் விரித்திருந்தாள். சிதறிய பீன்ஸைக் கூட்டி ஒதுக்கியிருந்தாள். "உக்காருங்க" என்றாள். தானும் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்கள நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப சொல்லுங்க. நெத்தியிலேருந்து சொல்லுங்க."

 ஒன்பது வருஷமாகத் தினமும் பார்த்த முகம். அதை வார்த்தையாக்கியதே இல்லை.

"நெத்தி அகலம்" என்றான். "உங்கப்பாவுக்கு இருக்கிற மாதிரி."

"முடி?"

"நெறைய. கறுப்பா. நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"மூக்கு?"

"உன்னோடது. நுனியில கொஞ்சம் தூக்கி."

அவள் தன் மூக்கின் நுனியைத் தொட்டுக்கொண்டாள். "வாய் எப்படி இருந்துச்சு? சிரிச்ச மாதிரி இருந்தானா?"

ஆமாம் என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தான். இன்னொரு குல்லாவைப் பின்னிக் கொடுத்துவிடலாம், எவ்வளவு சுலபம்.

"இல்ல" என்றான். "ஒதடு கறுத்திருந்துச்சு. தூங்குற மாதிரியும் இல்ல. புருவம் ரெண்டும் சேந்து, கோவமா இருந்தான்."

"கோவமாவா?"

"ஆமா. யாரோ எழுப்பிவிட்ட மாதிரி."

பவளத்தின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று சொல்லமுடியாது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவன் கையை நீட்டினான். அவள் அதைத் தள்ளிவிட்டாள். சற்றுப் பொறுத்துத் தானே அந்தக் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"கையில நகம் இருந்துச்சா?"

"கையப் பாக்கலம்மா. நேரம் இல்ல. மொகம் மட்டுந்தான்."

"தாடை?"

"சின்னது. ஒரு குழி இருந்துச்சு."

"சீதாவுக்கும் இருக்கு."

"ஆமா. அவ பொறந்தன்னிக்கு அதப் பாத்துட்டுத்தான் நான் வெளிய போயிட்டேன். நீகூட, பொட்டப்புள்ளைன்னு கோவமான்னு கேட்ட."

பவளம் அதை நினைத்துப் பார்த்தபடி தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டில் சீதா தாயம் போட்டுக் கூவுவது கேட்டது. மேகம் வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"காது?" என்றாள் பவளம். "காதைச் சொல்லலையே."

அவன் கண்ணை மூடினான். துணியை விலக்கியதும் தெரிந்தது நெற்றியும் கன்னமும்தான். காதைப் பார்த்தது குல்லாவைக் கழற்றிய பிறகு.

"வலது காது நல்லா இருந்துச்சு. இடது காது குல்லாவுக்குள்ள மாட்டி மடங்கிப் போயிருந்துச்சு. மேல்மடல் அப்படியே முன்னால சாஞ்சு."

"ஐயோ. மிஸ்ஸி சரியா மாட்டல."

"நான் விரலால நிமித்தி விட்டேன்."

பவளம் அவன் கையை, முழங்காலில் இருந்த அந்தக் கையை, திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"நிமிந்துச்சா?"

"நிமிந்துச்சு" என்றான் சிவசாமி.